போஸ்டா, பொசிஷனா, பிளேஸா?

கேள்வி: சேர், கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் கம்பனியில் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா ‘போஸ்ட்’ என்று போடச் சொல்கிறார். கூடப் படித்தவள் அது பழைய காலத்து இங்கிலிஷ், ‘பொசிஷன்’ என்றுதான் போட வேண்டும் என்கிறாள். போனில் ஒத்த சொல் தேடினால் ஜொப், பிளேஸ், ராங்க், ஸ்டேட்டஸ், சிச்சுவேஷன் என்று ஒரு வரிசையே வருகிறது. எதைப் போட்டாலும் சரியா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அப்பா சொன்னதும் சரி, கூட்டாளி சொன்னதும் சரி. முதலில் அந்த விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள், அதில் என்ன சொல் இருக்கிறதோ அதையே கடிதத்திலும் போட்டுவிடுங்கள், யோசிக்கவே தேவையில்லை. அரச வேலை என்றால் அநேகமாக போஸ்ட்தான்; வெள்ளிக்கிழமை வர்த்தமானியின் ஆங்கிலப் பதிப்பைப் புரட்டினால் ‘த போஸ்ட் ஆஃப்’ என்பது திரும்பத் திரும்ப வரும். தனியார் கம்பனிகளுக்குப் பொசிஷன் பிடிக்கும். பொருளில் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டுமே ‘வை’ என்ற பொருள் கொண்ட ஒரே லத்தீன் வினைச்சொல்லில் இருந்து வந்தவை. தபாலைப் போஸ்ட் என்று சொல்வதும் அதே வேர்தான், கடிதம் கொண்டுபோகிற குதிரைக்காரர்களை வழிநெடுக இடத்துக்கிடம் நிறுத்தி வைத்ததால் வந்த பெயர் அது. வேலிக்கு நடுகிற போஸ்ட் மட்டும் வேறு வேர், அதை இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம்.

இனி அந்த வரிசைக்கு வருவோம். பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது என்பதற்காக ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை அதே இடத்தில் வைத்துவிட முடியாது, தங்கச்சி. பொசிஷன் என்ற ஒரே சொல்லுக்குள் ஆங்கிலம் அடைத்து வைத்திருப்பதைத் தமிழ் பதவி, இடம், தரம், நிலைமை, நிலைப்பாடு என்று பிரித்துத்தான் சொல்கிறது. ஆகவே நான் சொல்ல வருவது இவற்றில் எது என்று முதலில் தமிழில் தீர்மானித்துக்கொண்டு, அப்புறம் ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். பதவி என்றால் போஸ்ட், பொசிஷன், பேச்சில் ஜொப். தரவரிசை என்றால் ராங்க்: பொலிசிலும் இராணுவத்திலும் அதுதான், உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததும் எல்லோரும் கேட்கிற ஐலண்ட் ராங்க், டிஸ்ட்ரிக்ட் ராங்க்கும் அதுதான். ஒருவருடைய அந்தஸ்து அல்லது சட்டப்படியான நிலை என்றால் ஸ்டேட்டஸ். படிவத்தில் திருமணமானவரா என்று கேட்கும் கட்டத்துக்கு மேலே இருப்பது மெரிட்டல் ஸ்டேட்டஸ், அங்கே பொசிஷன் என்று யாரும் எழுதமாட்டார்கள். சிச்சுவேஷன் ஒரு காலத்தில் வேலையைத்தான் குறித்தது, பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் வேலை விளம்பரப் பக்கத்துக்கு ‘சிச்சுவேஷன்ஸ் வேகன்ட்’ என்று தலைப்புப் போடுவார்கள். இன்றைக்கு உங்கள் கடிதத்தில் அதைப் போட்டால் படிக்கிறவர் உங்களுக்கு ஏதோ பிரச்சினை என்றுதான் நினைப்பார்.

நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் சொல்லே இல்லை, அதற்கு முன்னால் வருகிற சின்னச் சொல். ‘ஐ விஷ் டு அப்ளை த போஸ்ட்’ என்று எழுதுகிறார்கள். பதவி‘க்கு’ விண்ணப்பிக்கிறோம் இல்லையா, அந்தக் ‘கு’ ஆங்கிலத்தில் ‘ஃபோர்’ ஆக வந்தே ஆக வேண்டும்: ‘அப்ளை ஃபோர் த பொசிஷன் ஆஃப் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட்’. வேலை கிடைத்தால் ‘அப்பொயின்டட் டு த பொசிஷன்’, விடும்போது ‘ரிசைன் ஃப்ரொம்’. சொல்லைத் தனியாகப் பாடமாக்காமல் இப்படி அதன் கூட்டத்தோடு பாடமாக்குங்கள். கட்டாயம் கிடைக்கும், நல்லா எழுதுங்கள்.

கேள்வி: எனக்குப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று ‘வி ஆர் நொட் இன் அ பொசிஷன் டு சப்ளை’ என்று மின்னஞ்சல் போட்டிருக்கிறது. எங்களை மதிக்காமல் எழுதியிருக்கிறார்களா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை அண்ணா, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ‘இப்போதைய நிலைமையில் எங்களால் அனுப்ப முடியாது’ என்பதுதான் அதன் பொருள். ‘வி கான்ட்’ என்று முகத்துக்கு நேரே சொல்லாமல், விருப்பம் இல்லாமல் இல்லை, நிலைமைதான் விடவில்லை என்று காட்டுகிற வழி அது. நீங்களும் கடன் கேட்கிறவருக்கோ விலை குறைக்கச் சொல்கிறவருக்கோ தாராளமாக எழுதலாம். நடுவில் இருக்கிற அந்த ‘அ’வை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘இன் பொசிஷன்’ என்றால் ஒரு பொருளோ ஆளோ இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருப்பது, ‘இன் அ பொசிஷன் டு’ என்றால் ஒன்றைச் செய்யக்கூடிய நிலையில் இருப்பது. அவர்களே நாளைக்கு ‘வட் இஸ் யுவர் பொசிஷன் ஒன் திஸ்’ என்று கேட்டால், இது விஷயத்தில் உங்கள் நிலைப்பாடு என்ன என்று கேட்கிறார்கள். உங்கள் பதவி என்ன என்பதல்ல, பதிலுக்கு ‘ஓனர்’ என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: ஓட்டப் போட்டியில் ஃபர்ஸ்ட் பிளேஸா, ஃபர்ஸ்ட் பொசிஷனா? இன்னொன்று, வோர்ட் பிளேஸ் ஒரு வீதிதானே, அதற்கு ஏன் பிளேஸ்?
– மாணவன், தெஹிவளை

பதில்: போட்டி என்றால் ஃபர்ஸ்ட் பிளேஸ், அதைவிட இயல்பு ‘ஐ கேம் ஃபர்ஸ்ட்’. புள்ளிப் பட்டியலில் ஓர் அணி எங்கே நிற்கிறது என்று சொல்லும்போது பொசிஷன் நன்றாகப் பொருந்தும். கிரிக்கெட்டில் களத்தில் நிற்கும் இடமும் பொசிஷன்தான், ஸ்லிப், கல்லி, ஷோர்ட் லெக் எல்லாம் ஃபீல்டிங் பொசிஷன்கள். துடுப்பாட்ட வரிசைக்கு ‘அட்’ மட்டும் போதும். 2006இல் தென்னாபிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் சங்கக்காரவும் மஹேலவும் மூன்றாவது விக்கெட்டுக்கு 624 ஓட்டங்கள் சேர்த்தார்களே, அதில் சங்கா ‘பட்டெட் அட் த்ரீ’, மஹேல ‘அட் ஃபோர்’. பொசிஷன் என்று சொல்லவே தேவையில்லை.

அந்த ஆட்டம் நடந்த எஸ்.எஸ்.சி. மைதானம் இருப்பதும் ஒரு பிளேஸில்தான், மெயிட்லண்ட் பிளேஸ்! கொழும்பு ஏழில் வோர்ட், பார்ன்ஸ், ஹோர்ட்டன், ரோஸ்மீட் என்று ஆங்கிலேய ஆளுநர்களின் பெயரைத் தாங்கிய பிளேஸ்கள் வரிசையாக இருக்கின்றன. பிளேஸ் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு அகன்ற வீதி என்றுதான் பொருள். ‘இடம்’ என்ற பொதுப் பொருள் பிறகு வந்தது, வீதிப் பெயரில் பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது.

கேள்வி: ஐந்தொகையை இப்போது ஸ்டேட்மென்ட் ஒஃப் ஃபினான்ஷியல் பொசிஷன் என்கிறார்களே, ஏன் மாற்றினார்கள்?
– வர்த்தகப் பிரிவு மாணவி, வத்தளை

பதில்: சர்வதேசக் கணக்கீட்டு நியமம் ஒன்றை 2007இல் திருத்தியபோது வந்த பெயர் அது, தமிழில் நிதி நிலைமைக் கூற்று. குறிப்பிட்ட ஒரு நாளில் நிறுவனத்திடம் என்ன சொத்து இருக்கிறது, எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டுகிற கூற்று என்பதால், இரண்டு பக்கமும் சமப்படுவதைச் சொல்கிற ‘பலன்ஸ் ஷீட்’ என்ற பழைய ஆங்கிலப் பெயரைவிட நிலைமையைச் சொல்கிற பெயர் பொருத்தம். ஒரு நாளின் நிலைமை என்பதால் தலைப்பில் ‘அஸ் அட் 31 மார்ச்’ என்று வரும், ‘ஃபோர் த இயர் என்டட்’ என்பது வருமானக் கூற்றுக்கு. பரீட்சையில் இதை மாற்றி எழுதிவிடாதீர்கள்.