உயிலுக்கு சொலிசிட்டர் வேண்டுமா?

லண்டனில் வீடு வாங்கியாயிற்று, இரண்டு சின்னப் பிள்ளைகள், இந்தியாவில் என் பெயரில் கொஞ்சம் நிலம்; இணையத்தில் கிடைக்கும் படிவத்தை நிரப்பியே உயில் எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

எழுதலாம், செல்லும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயிலுக்கு இன்னும் 1837ஆம் ஆண்டுச் சட்டம்தான். இரண்டு சாட்சிகள் ஒன்றாக இருந்து பார்க்க நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் அவர்களும் போட வேண்டும். (ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.) ஆனாலும் உங்களை சொலிசிட்டரிடம்தான் (உயில், பத்திரம் போன்ற வேலைகளைப் பார்க்கும் இங்கத்து வக்கீல்) போகச் சொல்வேன். படிவம் கேட்காத கேள்விகளை அவர் கேட்பார்.

படிவங்களில் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ‘இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்’ என்று ஒரு வரி இருக்கும். நிலத்துக்காக இந்தியாவில் ஏற்கெனவே உயில் எழுதியிருந்தால் அதுவும் அதோடு போய்விடலாம். விவரம் தெரிந்தவர் ‘இந்தியாவிலுள்ள அசையாச் சொத்து நீங்கலாக’ என்று சேர்ப்பார். நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அதற்கு. ஆகவே அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு உயில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வக்கீல் எழுதியதை மற்றவரும் பார்க்கட்டும். அங்கே வங்கிக் கணக்குக்கு நாமினி போட்டிருக்கிறேனே என்பீர்கள். நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்க வேண்டியவர்தான், அதற்காக உரிமைக்காரர் ஆகிவிட மாட்டார்.

அடுத்து லண்டன் வீடு. மனைவியோடு ஜாயின்ட் டெனன்ட்ஸாக (முழு வீடும் இருவருக்கும் சேர்த்தே சொந்தம்) வாங்கியிருந்தால், உயிலில் என்ன எழுதினாலும் உங்கள் பங்கு நேராக அவருக்குத்தான். டெனன்ட்ஸ் இன் காமன் (ஆளுக்கொரு தனிப் பங்கு) என்றால் உங்கள் பங்கு உயில்படி போகும். எது என்று பலருக்குத் தெரியாது, பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சொத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பிள்ளைகள் விஷயம். உங்கள் இருவருக்கும் ஒன்றாக ஏதாவது ஆகிவிட்டால் யார் வளர்ப்பது? கார்டியன் பெயர் எழுதி வைக்காவிட்டால் நீதிமன்றம்தான் முடிவு செய்யும். தாத்தா பாட்டி என்று எழுதினால், விசா வாங்கி அவர்கள் வந்து சேரும்வரை யார் என்று நல்ல சொலிசிட்டர் கேட்பார். நல்ல நாளும் அதுவுமாய் இந்தப் பேச்சு எதற்கு என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும்.

சாட்சி விஷயத்தில் கவனம். தங்கைக்கு ஏதாவது எழுதிவிட்டு, பக்கத்தில் இருக்கிறாரே என்று அவள் கணவரையே சாட்சிக்குக் கூப்பிட்டால், உயில் நிற்கும்; தங்கைக்கு எழுதியது மட்டும் செல்லாது.

‘வில் ரைட்டர்’ (உயில் எழுதித் தருபவர்) என்று இங்கே யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். சொலிசிட்டர் என்றால், அவர்களைக் கண்காணிக்கும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டியின் பதிவேட்டில் பெயர் இருக்கும், தேடிப் பாருங்கள். அவர்கள் தங்கள் நிறுவனத்தையே எக்ஸிக்யூட்டராக (உயிலை நிறைவேற்றுபவராக) போடச் சொன்னால், பின்னால் எவ்வளவு கட்டணம் பிடிப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கையெழுத்தானதும் மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்று எக்ஸிக்யூட்டருக்குச் சொல்லிவிடுங்கள். நகல் எடுப்பதற்காகக்கூட ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றாதீர்கள். தாளில் வெறும் பின் துளையைக் கண்டால், வேறு ஏதோ தாள் சேர்ந்திருந்ததோ என்று ப்ரோபேட்டில் (உயிலைச் செல்லும் என்று உறுதிசெய்யும் நடைமுறை) விளக்கம் கேட்பார்கள்.