டோக்கியோவுக்கு முதல் பயணம்: அறை போடும் முன் ரயில் வரைபடத்தைப் பாருங்கள்

கேள்வி: நவம்பர் கடைசியில் நான், மனைவி, 10 வயது மகன், 68 வயது அம்மா நால்வரும் ஏழு நாள் டோக்கியோ போகிறோம். எல்லோருக்கும் இதுதான் முதல் முறை. அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். ஜேஆர் பாஸ் வாங்கிவிடலாமா? எங்கே தங்கினால் வசதி? சாப்பாட்டுக்கு என்ன வழி? (கோவை வாசகர்)

பதில்: ஜேஆர் பாஸ் (ஜப்பான் முழுக்க ஓடும் ஜேஆர் நிறுவன ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்குச் செல்லும் சீட்டு) வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் சாதாரண பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போய்த் திரும்ப ஒருவருக்கு ஏறக்குறைய 28,000 யென்தான். நீங்களோ டோக்கியோவை விட்டு அதிகம் நகரப் போவதில்லை. பாஸ் வாங்கச் சொல்லும் பழைய பயணக் குறிப்புகளில் பெரும்பாலானவை விலை ஏறும் முன் எழுதப்பட்டவை. நகருக்குள் ஒரு சுரங்க ரயில் பயணம் பெரும்பாலும் 300 யென்னுக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. டோக்கியோவில் எந்தப் பேட்டையில் தங்குகிறீர்கள் என்பதைவிட எந்த ரயில் பாதையில், நிலையத்தின் எந்த வாசலருகே தங்குகிறீர்கள் என்பதுதான் உங்கள் ஏழு நாளையும் தீர்மானிக்கும். விளம்பரத்தில் ‘ஷின்ஜுகு நிலையத்துக்கு 5 நிமிடம்’ என்று போட்டிருக்கும். உலகிலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் நிலையம் என்று கின்னஸ் பதிவுசெய்த அந்த நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். அந்த ஐந்து நிமிடம் ஏதோ ஒரு வாசலிலிருந்து கணக்கிட்டது. நீங்கள் ரயிலை விட்டு இறங்கும் இடத்திலிருந்து அந்த வாசலுக்கு வரவே பத்து, பதினைந்து நிமிடம் பெட்டியை இழுத்து நடக்க நேரலாம். இடையில் படிகளும் வரும். முழங்கால் வலி உள்ளவரோடு ஷின்ஜுகுவில் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்குப் பொருத்தமான இடம் உயேனோ அல்லது அதை ஒட்டிய ஒக்காச்சிமாச்சி. காரணம், கின்சா லைன். 1927-இல் அசகுசாவுக்கும் உயேனோவுக்கும் இடையே தொடங்கிய இது ஆசியாவின் முதல் சுரங்க ரயில். பழைய பாதை என்பதால் தரைக்கு அருகிலேயே ஓடுகிறது, இறங்கி ஏறும் ஆழம் குறைவு. பிறகு வந்த ஓஎடோ லைனில் ரொப்போங்கி நிலையத்தின் ஒரு நடைமேடை தரைக்கு 42 மீட்டர் கீழே இருக்கிறது. அங்கே மேலே வருவதே ஒரு தனிப் பயணம். உயேனோவிலிருந்து கின்சா லைனில் ஒரு பக்கம் ஐந்து நிமிடத்தில் அசகுசா. மறுபக்கம் கின்சா, ஒமொதேசாந்தோ வழியாக அரை மணிக்குள் ஷிபுயா. வண்டி மாறவே தேவையில்லை. பச்சை வண்ண யமனோதே லைனும் உயேனோ வழியாகத்தான் போகிறது. வட்டமாக ஓடும் அந்த ஜேஆர் பாதைக்கு 30 நிலையங்கள், ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். தவறான திசையில் ஏறிவிட்டாலும் சுற்றி வந்து சேர்ந்துவிடலாம்.

விடுதியை உறுதிசெய்யும் முன் வரைபடத்தில் ஒன்றைப் பாருங்கள்: அருகிலுள்ள நிலையத்தில் லிஃப்ட் உள்ள வாசல் எது? நிலையங்களில் பெரும்பாலும் லிஃப்ட் இருக்கிறது. ஆனால் அது ஒன்றிரண்டு வாசல்களில் மட்டும்தான், மற்ற வாசல்கள் வெறும் படிக்கட்டு. கூகுள் மேப்ஸில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற வழி என்ற தெரிவை இயக்கி வைத்தால் இந்தத் தேடல் குறையும். எந்த வாசலில் வெளியேற வேண்டும் என்ற எண்ணையும் அதுவே காட்டும். அந்த எண்ணைப் பார்க்காமல் ‘வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஏறினால் பெரிய சாலையின் தவறான பக்கத்தில் நிற்பீர்கள்.

அறையின் வகையிலும் ஒரு பொறி உண்டு. ‘செமி டபுள்’ என்பது ஏறக்குறைய 120 செ.மீ. அகலமுள்ள ஒற்றைக் கட்டில். அதை இருவருக்கான அறை என்றே விற்பார்கள். நீங்கள் ‘ட்வின்’ (இரண்டு தனிக் கட்டில்) என்று தேடுங்கள். சாதாரண வணிக விடுதி அறைகள் 12 முதல் 15 சதுர மீட்டர்தான், இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் விரித்து வைக்க இடம் இருக்காது. நால்வருக்கும் சேர்த்து சமையல் மேடை உள்ள அபார்ட்மெண்ட் வகை விடுதி கிடைத்தால் அம்மாவின் சாப்பாட்டுப் பிரச்சினையும் பாதி தீரும். முன்பதிவில் தலைக்கணக்கைச் சரியாகக் கொடுங்கள். ஜப்பானில் கட்டணம் பெரும்பாலும் ஆள் கணக்கில்தான். மகனைச் சொல்லாமல் விட்டால் வரவேற்பு மேசையில் தகராறு வரும்.

நாட்களைத் திசைவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிழக்குக்கு ஒரு நாள்: காலையில் அசகுசாவின் சென்சோஜி கோயில், பிறகு 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரம். மேற்குக்கு ஒரு நாள்: மெய்ஜி ஆலயம், ஹராஜுகு, ஷிபுயா. ஆலயத்துக்குப் போகும் பாதை நீளமானது, ஜல்லி பரப்பியது. அம்மாவுக்குக் கைத்தடி வேண்டியிருக்கும். கின்சா லைனின் அஒயாமா–இச்சோமே அல்லது கயென்மே நிலையத்தில் இறங்கினால் மெய்ஜி ஜிங்கு கயென் கின்கோ மரச்சாலை. நவம்பர் கடைசியில் அது முழுக்க மஞ்சளாகும், செலவு கிடையாது. உயேனோ பூங்காவின் தேசிய அருங்காட்சியகத்தைத் திங்களன்று வைக்காதீர்கள். டோக்கியோவின் அருங்காட்சியகங்களில் பலவற்றுக்கு அன்றுதான் விடுமுறை. மகனுக்காக டிஸ்னிலாந்து போவதானால் டோக்கியோ நிலையத்தில் கேயோ லைன் நடைமேடை மற்ற நடைமேடைகளிலிருந்து வெகு தூரத்தில் தனியாக இருக்கிறது. வண்டி மாற 15 நிமிடமாவது ஒதுக்குங்கள்.

நவம்பர் கடைசியில் டோக்கியோவில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இதைக் கணக்கில் எடுக்காமல், நம் ஊர் வழக்கப்படி பதினொரு மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருப்பது ஐந்தரை மணி நேரம்தான். தோட்டங்களும் கோயில்களும் காலையில், கடைவீதிகள் மாலையில் என்று வையுங்கள். அதேசமயம் 7:30 முதல் 9:30 வரை அலுவலகக் கூட்டம். அந்த நேரத்தில் அம்மாவை வண்டியில் ஏற்ற வேண்டாம். ஒன்று ஏழு மணிக்குள் கிளம்புங்கள், இல்லையென்றால் பத்து மணிக்கு. ஷிபுயா ஸ்கை போன்ற உச்சிமாடங்களில் மாலைநேர நுழைவு முதலில் தீர்ந்துவிடும். விமான டிக்கெட் எடுத்ததும் அதற்கான விற்பனை தொடங்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணமே இல்லாமல் உயரத்திலிருந்து பார்க்க ஷின்ஜுகுவில் டோக்கியோ மாநகர அரசு கட்டடத்தின் 202 மீட்டர் உயர மாடம் இருக்கிறது. ஃபுஜி மலைக்கு நவம்பர் நல்ல காலம். கோடையைவிடக் காற்று தெளிவாக இருக்கும், அதுவும் காலையில்.

வரலாற்றில் ஆர்வம் இருந்தால் ஹிகாஷி–கோயென்ஜி நிலையத்தருகே ரெங்கோஜி கோயில் இருக்கிறது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அஸ்தி என்று சொல்லப்படுவது அங்குதான் பாதுகாக்கப்படுகிறது. சிறிய கோயில், அரை மணி போதும்.

ரயிலுக்கு ஆளுக்கொரு ஐசி கார்டு (பணம் நிரப்பி, நிலைய வாசலில் தொட்டுச் செல்லும் அட்டை) வேண்டும்: சுய்கா அல்லது பாஸ்மோ. ஒரே கார்டை இரண்டு பேர் பயன்படுத்த முடியாது. உள்ளே நுழையும்போது பதிவானது வெளியே வரும்போது அணைய வேண்டும், அதுதான் அதன் கணக்கு முறை. சிப் தட்டுப்பாட்டால் 2023-இல் நிறுத்தப்பட்டிருந்த சாதாரண கார்டு விற்பனை 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கியது. அதில் 500 யென் முன்பணம் பிடிப்பார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுய்காவில் முன்பணம் இல்லை, ஆனால் 28 நாளில் காலாவதியாகும், மீதித் தொகையும் திரும்பாது. மகனுக்கு 6 முதல் 11 வயதுக்கான பாதிக் கட்டணக் கார்டு உண்டு. அதை இயந்திரத்தில் எடுக்க முடியாது. நிலைய அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்க வேண்டும். ஐபோன் வைத்திருந்தால் கார்டை போனிலேயே சேர்க்கலாம். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அதற்கான சிப் இல்லை. பணம் நிரப்பும் இயந்திரங்கள் பல ரொக்கம் மட்டுமே ஏற்கும், எனவே 1,000 யென் நோட்டுகள் கையில் இருக்கட்டும். ரொக்கத்துக்கு செவன்–இலெவன் கடைகளின் ஏடிஎம் நம்பகமானது. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிடுங்கள்.

சுரங்க ரயிலுக்கு 24, 48, 72 மணி நேர டிக்கெட்டும் உண்டு. அது டோக்கியோ மெட்ரோ, தோஎய் என்ற இரண்டு சுரங்க ரயில் நிறுவனங்களின் பாதைகளுக்கும் செல்லும், யமனோதே உட்பட எந்த ஜேஆர் வண்டிக்கும் செல்லாது. கின்சா லைனை நம்பித் தங்கினால் அது லாபமே. ரயில்கள் நள்ளிரவையொட்டி நின்று காலை ஐந்து மணிக்குத்தான் தொடங்கும்.

இனி அம்மாவின் சாப்பாடு. மீன் கண்ணில் தெரியாமல் கலந்திருப்பதுதான் சிக்கல். காயவைத்துச் சீவிய போனிட்டோ மீனிலிருந்து எடுக்கும் தாஷி என்ற சாறு மிசோ சூப், உடோன் நூடுல்ஸ் குழம்பு, தெம்புராவுக்குத் தரும் சாஸ் எல்லாவற்றிலும் உண்டு. ‘சைவமா?’ என்று கேட்டால் இறைச்சித் துண்டு இல்லை என்பதால் ஆமாம் என்றுதான் பதில் வரும், பொய் சொல்லவில்லை. ‘வெஜிடபிள் கறி’ என்ற பெயரிலுள்ள ஜப்பானியக் குழம்பிலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சாதாரணம். உருளைக்கிழங்கு வறுவலையும் சில துரித உணவுக் கடைகளில் மாட்டுக் கொழுப்பு சேர்ந்த எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள். பொட்டலங்களில் ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்து ஏமாறாதீர்கள். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்றவற்றைக் கட்டாயம் குறிப்பார்கள், மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. ‘இறைச்சி, மீன், மீன் தாஷி எதுவும் சாப்பிட மாட்டேன்’ என்ற வாக்கியத்தை ஜப்பானிய எழுத்தில் போனில் சேமித்து, ஆர்டர் செய்யும் முன் காட்டுங்கள். முடியாது என்று சொன்னால் வற்புறுத்தாமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள், அங்கே சமையலை மாற்றிக் கொடுக்கும் வழக்கம் குறைவு.

நம்பிச் சாப்பிட வழிகள் இருக்கின்றன. ஒக்காச்சிமாச்சியிலும், இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி–கசாயிலும் இந்திய உணவகங்கள் உண்டு. டோக்கியோ நிலையத்தினுள் கேயோ லைனுக்குப் போகும் வழியில் டீஸ் தந்தான் என்ற கடையில் முட்டை, பால்கூட இல்லாத ராமென் நூடுல்ஸ் கிடைக்கும். அது டிக்கெட் கேட்டுக்கு உட்பக்கம் இருப்பதால் ஊருக்குக் கிளம்பும்போதோ வண்டி மாறும்போதோ போவது சுலபம். எல்லாவற்றையும்விடக் கைகொடுப்பது தயிர் சாதம். சூப்பர் மார்க்கெட்டில் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் தயாராகும் வெந்த சாதப் பொட்டலமும், சர்க்கரை சேர்க்காத தயிர் 400 கிராம் டப்பாவிலும் கிடைக்கும். சின்னக் கிண்ணங்களில் வரும் இனிப்புத் தயிரில் ஜெலட்டின் இருக்கலாம், அது வேண்டாம். பருப்புப் பொடி, ஊறுகாய், வெந்நீர் ஊற்றிக் கிளறும் உப்புமா மிக்ஸ் இங்கிருந்தே போகட்டும்.

ஆனால் ஊரிலிருந்து எலெக்ட்ரிக் குக்கர் எடுத்துப் போகாதீர்கள். அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் அதில் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தராது. 1,000 வாட் குக்கர் 190 வாட்டில் ஓடும், அரிசி வேகாமல் ஊறிக்கொண்டே இருக்கும். பல விடுதிகள் அறையில் சமைக்க அனுமதிப்பதும் இல்லை. போன், லேப்டாப் சார்ஜர்களுக்குப் பிரச்சினை இல்லை, தட்டையான இரண்டு முனை அடாப்டர் மட்டும் போதும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறிகளைத் தாவர நோய்ச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். இறைச்சி கலந்த எந்தப் பொட்டலத்துக்கும் அனுமதி இல்லை.

சுற்றுலா விசா ஒட்டினால் மூன்று மாதத்துக்குள் நுழைய வேண்டும், ஆகவே நவம்பர் கடைசிப் பயணத்துக்கு ஜூலையிலேயே விண்ணப்பித்துவிடாதீர்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து மின்விசா கிடைக்கிறது. விமான நிலையத்தில் அதை இணையத்தில் திறந்து நேரடியாகத் திரையில் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோ, அச்சிட்ட தாளோ செல்லாது. எனவே இறங்கியவுடன் வேலை செய்யும் இ–சிம் இருப்பது ஆடம்பரம் அல்ல. குடிவரவுக்கும் சுங்கத்துக்கும் விசிட் ஜப்பான் வெப் தளத்தில் நால்வரின் விவரத்தையும் முன்பே நிரப்பிவிடுங்கள். விமானத்தில் தெரிவு இருந்தால் ஹனேடா. நரிதா 60 கி.மீ. தாண்டி இருக்கிறது. ஆனால் உயேனோவில் தங்குவதால், நரிதாவில் இறங்கினாலும் கேய்செய் ஸ்கைலைனர் 40 நிமிடத்துக்குச் சற்று மேலே உயேனோவுக்கே கொண்டுவந்து விடும்.

கடைசியாக அம்மாவின் மருந்துகள். டாக்டர் எழுதிய மருந்து ஒரு மாத அளவு வரை, சீட்டோடும் ஒரிஜினல் பட்டையோடும் கொண்டுபோகலாம். அதற்கு மேல் வேண்டுமானால் ‘யுன்யு ககுனின்–ஷோ’ என்ற அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். சளி மாத்திரைகளைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள்: சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானில் தடை, கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கும் கடும் வரம்பு உண்டு. சந்தேகம் இருந்தால் அந்தப் பட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு அங்கே மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.