பகுவாய் என்றால் என்ன? அந்தச் சொல் எப்படி வந்தது?

திருமுருகாற்றுப்படையில் 'மகரப் பகுவாய்' என்று வருவதைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். பகுவாய் என்றால் பிளந்த வாய், ஆவென்று திறந்து கிடக்கும் வாய். அந்த இடத்தில் அது ஒரு நகை. சூரரமகளிர் என்கிற தெய்வப் பெண்கள் தலையில் அணிகிற, மகரமீன் வாயைப் பிளந்திருப்பது போலச் செய்த தலைக்கோலம்.

பிறப்பு எளிதுதான். பகு என்றால் பிள, பிரி. பகுதியும் பகுத்துண்டு என்று குறள் சொல்வதும் அதே வேர். இலக்கணத்தில் வினைத்தொகை, அதனால் எப்போது பிளந்தது என்று காலமே காட்டாது, எப்போதும் அப்படியே பிளந்து கிடக்கிற வாய்.

எனக்கு இந்தச் சொல் முழுசாகப் பிடிபட்டது நெடுநல்வாடையில்தான் (அடி 64 முதல் 66 வரை). வாடைக்காற்றும் தூறலுமாக இருக்கிறது, யாரும் 'தொகுவாய்க் கன்னல்' தண்ணீரைத் தொடவில்லை, 'பகுவாய்த் தடவில்' செந்நெருப்பைக் காய்கிறார்கள். கன்னல் நீர்க்குடம், வாய் குவிந்தது. தடவு நெருப்புச் சட்டி, வாய் அகன்றது. தொகு, பகு என்று எதிரெதிராக வைத்துவிட்டார் நக்கீரர், இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் சொல்லாது! பகுவாய் என்றதும் சிலர் கோபமோ பயமோ காட்டுகிற வாய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, சட்டிக்கு ஏது கோபம், இது வாயின் அமைப்பைச் சொல்கிற சொல்.

வாயைத் திறக்கும் செயலுக்கு வேறு சொல் இருக்கிறது, அங்காத்தல். அ, ஆ இரண்டும் 'அங்காந்து இயலும்' என்று தொல்காப்பியம் சொல்வது அதைத்தான். பேழ்வாய் என்பதும் வேறு, பேழ் என்றால் பெரிய.

அப்புறம் அகநானூறு 36, அதுவும் நக்கீரர் பாட்டு. 'பகுவாய் வராஅல்' என்றே தொடங்கும். விரால் மீனின் வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் கிழிந்திருக்கும், மீன் சந்தையில் பார்த்தவர்களுக்கு உரையே வேண்டாம். அடுத்த அடியில் தூண்டில் முள்ளுக்கு 'கொடுவாய் இரும்பு' என்று பெயர், வளைந்த வாய். பகுவாய் கொடுவாயின் இரையை விழுங்கிவிடுகிறது, ஆனால் தூண்டில்காரன் இழுத்தால் வருவதில்லை, கயிற்றில் கட்டிய முரட்டுக் காளை போல ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூவைச் சிதைத்து, விடியற்காலைக் குளத்தையே கலக்கிவிடுகிறது.