அப்பாவின் சேமலாப நிதியும் இந்திய முதுகலையும்

அன்புள்ள அண்ணா,

பேராதனையில் கலைமாணி பொதுப் பட்டம் முடித்து ஒரு வருடமாகிறது. அரசறிவியலில் நல்ல பெறுபேறு. இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாக இருக்கிறேன். இந்தியாவில் அரசறிவியல் முதுகலை படிக்க ஆசை. ஹட்டனில் ஒரு முகவர் சென்னைக் கல்லூரி ஒன்றில் இடம் நிச்சயம் என்கிறார். அப்பாவுக்கு வந்த சேமலாப நிதி கொஞ்சம் வங்கியில் இருக்கிறது. “கட்சி ஆபீசில் இருப்பவன் எவன் அரசியல் படித்துவிட்டு வந்தான்?” என்று மாமா சிரிக்கிறார். இங்கேயே எம்.ஏ. செய்யலாமே என்கிறார்கள் தோழிகள். நான் என்ன செய்யட்டும்?

க., பொகவந்தலாவை

அன்புள்ள தங்கச்சி,

முதலில் காசைப் பேசிவிடுவோம். அப்பாவின் சேமலாப நிதியில் கை வைக்காதீர்கள். அது உங்கள் அப்பாவும் அம்மாவும் வயதான காலத்தில் மருந்து வாங்க வேண்டிய காசு. முகவருக்கு அதில் ஒரு சதமும் போகக் கூடாது. இலங்கை மாணவர்கள் முதுகலை படிக்க இந்திய அரசாங்கமே மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் தருகிறது. படிப்புக் கட்டணம், மாதச் செலவு, தங்குமிடம் எல்லாம் அதில் அடங்கும். மனிதப் பண்பியல், கலைப் பாடங்களுக்கும் உண்டு. கண்டியில் இருக்கும் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள். கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் போடுங்கள், இடையில் பேராதனையில் சேருங்கள். கடன் வாங்கிப் போகிற படிப்பு இதுவல்ல.

உங்கள் மூன்று வருடப் பொதுப் பட்டம் அங்கே இரண்டு வருட முதுகலைக்குப் பொதுவாகப் போதும். நீங்கள் இருந்து படிப்பது கல்லூரியில் என்றாலும், பட்டத்தைக் கொடுப்பது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகத்தை நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். நிறையப் பேர் திரும்பி வந்த பிறகுதான் இதைத் தேடுகிறார்கள்.

மாமா சொல்வதில் உண்மை இருக்கிறது. எம்.ஏ. படித்தவர்களுக்குக் கட்சி ஆபீசில் கதிரை போட மாட்டார்கள். விரிவுரையாளராகும் எண்ணம் இருந்தால் அதிலும் ஒரு சிக்கல்: நம் பல்கலைக்கழகங்கள் சிறப்புப் பட்டத்தையும் அதன் வகுப்பையும் பார்க்கும், வெறும் முதுகலை போதாது. அதனால் ஆசிரியர் நியமனப் பரீட்சை வந்தால் அதையும் எழுதி வையுங்கள்.

அப்புறம் ஏன் போகச் சொல்கிறேன்?

மலையகத் தமிழரான நம்மைப் பற்றிப் படிக்க அல்ல. அங்கே பாடத்திட்டத்தின் பெரும்பங்கு இந்திய அரசியலமைப்பும் இந்தியக் கட்சிகளும் அரசியல் கோட்பாடும்தான். இலங்கை தெற்காசியப் பாடத்துக்குள் எங்கோ வரும். நாம் அதற்குள் ஒரு வரி, நம்மில் யார் எந்த நாட்டுப் பிரஜை என்று பிரித்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரண்டு அரசாங்கங்களும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. வாசிக்க அரை நிமிடம் ஆகாது.

ஆனால் இந்தியாவைப் படிக்கப் படிக்க நம் தோட்டம் வேறு மாதிரித் தெரியும். 1992இல் அவர்கள் 73ஆம் திருத்தத்தால் கிராம ஊராட்சியை அரசியலமைப்புக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். குடிநீர், ரோடு, மின்சாரம் என்று ஊராட்சியிடம் ஒப்படைக்கக்கூடியவற்றின் பட்டியலே இருக்கிறது. நம் பக்கத்தில் 1987 பிரதேச சபைச் சட்டம். அதன் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை செலவு செய்யக் குறுக்கே நின்றது. வரிசையில் நின்று வாக்குப் போட்டு உறுப்பினரைத் தெரிவு செய்வோம். நம் லயத்துக்கு, அந்தத் தோட்ட வீட்டு வரிசைக்கு, போகும் ரோட்டுக்கு ஒரு லோட் கல் கொட்டச் சொன்னால் “அது கம்பனி காணி” என்பார். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிற ஆள் நமக்கு வேண்டும். 1948இல் பிரஜாவுரிமை போனதை மேடைக்கு மேடை பேசுகிறோம், அது கிடைத்த பிறகும் உள்ளூராட்சியில் நாம் வெளியே நின்றதைப் பேச ஆள் குறைவு.

இன்னொன்று சாதி. அங்கே அம்பேத்கரையும், பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு கேட்ட மண்டல் ஆணைக்குழுவையும் பரீட்சைக்கே படிக்க வேண்டும். இங்கே எந்தக் காம்பராவில் எந்த ஆட்கள் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும், கூட்டத்தில் மட்டும் எவருக்கும் தெரியாது.

விரிவுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் செமஸ்டர் கஷ்டப்படுவீர்கள். இப்போதிருந்தே தினமும் பத்துப் பக்கமாவது ஆங்கிலத்தில் வாசியுங்கள். இந்திய அரசியலமைப்புச் சபை விவாதங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆய்வேடு எழுதச் சொன்னால் நூலகத்தோடு நிற்காதீர்கள், நீலகிரிக்குப் போங்கள். அந்த ஒப்பந்தத்தால் இங்கிருந்து இந்தியா போன தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழக அரசு அங்கே தேயிலை நட்டது. அந்த அரசுத் தோட்டங்களை டான்டீ என்பார்கள். கூடலூர், கோத்தகிரி பக்கமெல்லாம் நம் ஆட்கள். கோத்தகிரியில் ஒரு வயதான அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஊர் ஹட்டன் பக்கம் என்றதும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வட்டவளை, ரொசல்ல, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று கோச்சி நிற்கும் இடங்களை வரிசை பிசகாமல் சொன்னார். பக்கத்தில் நின்ற பேரனுக்கு அதில் ஒரு பெயரும் தெரியாது. அவர்கள் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள், சாதிச் சான்றிதழுக்கு எங்கே அலைந்தார்கள், அங்கே அவர்களைக் கூப்பிடும்போது சிலோன்காரன் என்பது எப்போது நின்றது, நின்றதா? இதைக் கேட்டு எழுத பொகவந்தலாவைப் பிள்ளையைவிடப் பொருத்தமான ஆள் யார்?

ஒரு சின்ன விஷயம். மாணவர் விசாவில் போனால், இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். கல்லூரிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

புலமைப்பரிசில் அறிவித்தல் வந்த பிறகு ஓட நேரம் இருக்காது. அடுத்த முறை கண்டிப் பக்கம் போகும்போதே பேராதனையில் பெறுபேற்றுப் பத்திரத்தின் ஆங்கிலப் பிரதிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பம் நிரப்பியதும் அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள், பார்த்துத் தருகிறேன்.