லாரிப் புகைக்கு நடுவே நடக்கலாமா?

திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள், ஆலைகள் இருக்கும் மணலிப் பக்கமிருந்து கேஸ் நாற்றம். இதில் வாக்கிங் போனால் நல்லதா, கெட்டதா?

போகலாம். எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாக மட்டும் வேண்டாம். டீசல் புகையும் தூசியும் ரோட்டை ஒட்டித்தான் அதிகம். இரண்டு மூன்று தெரு உள்ளே வந்தாலே நன்றாகக் குறையும். வேகமாக நடக்கும்போது, உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம். அதனால் உள்தெரு ஒன்றையே பத்து முறை சுற்றுவது மேல், சலிப்பாக இருந்தாலும்.

அடுத்தது நேரம். விடியற்காலைக் காற்று சுத்தமானது என்பது மார்கழி, தையில் நம் வடசென்னைப் பகுதிக்குப் பொருந்தாது. இரவில் தரை குளிர்ந்துவிட, மேலே இருக்கும் சூடான காற்று மூடிபோல் நிற்கும். புகை கீழேயே தங்கிவிடும். வெயில் ஏறி எட்டு மணி வாக்கில்தான் கலையத் தொடங்கும். உங்களுக்கு மணலி மேற்கே இருக்கிறது. அதிகாலையில் நிலத்துக் காற்று அந்தப் புகையை உங்கள் பக்கம் தள்ளும். மாலைக் கடல்காற்று திருப்பி அனுப்பிவிடும். ஆகவே உங்களுக்குச் சாயங்காலமே வசதி. மணலிக்கு மேற்கே இருக்கும் மாதவரத்துக்காரர்களுக்கு இதே கணக்கு தலைகீழ்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் நிலையங்களின் காற்றுத் தரக் குறியீடு தெரியும். 100 வரை கவலையில்லை. 200ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி. ஆஸ்துமா இருந்தால் 100 தாண்டியதுமே. போகி காலையில் எட்டிப் பார்க்கவே வேண்டாம். துணி மாஸ்க் நுண்தூசியைத் தடுக்காது.

வயது 55. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றோடு ராபின்சன் பார்க்கில் நடந்தால் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டுகிறது.

சர்க்கரை இறங்குவதன் அறிகுறி இது. இந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும்; நடக்கும் தசைகளும் சர்க்கரையை இழுக்கும். கிளம்புமுன் குளுக்கோமீட்டரில் பாருங்கள்: 100க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நடுக்கம் வந்தால் உடனே உட்கார்ந்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. பிஸ்கட் உதவாது, மெதுவாகத்தான் ஏற்றும். மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல், இதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரம்பூரில் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை. தூக்கம் வருவதில்லை, மனசு எதிலும் ஒட்டவில்லை. வீட்டில் ட்ரெட்மில் இருக்கிறதே, போதாதா?

இதயத்துக்குப் போதும், தூக்கத்துக்குப் போதாது. அறைக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு); மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம். கண்ணில் படும் காலை வெளிச்சம்தான் எப்போது தூங்குவது என்று மூளைக்குக் கணக்குச் சொல்கிறது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், கூலிங் கிளாஸ் இல்லாமல், 30 நிமிடம் நடங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை. மேம்பாலத்தை ஒட்டிய முரசொலி மாறன் பூங்கா போதும். வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரம் ஐந்து நாள் போனால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் கணக்காகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் மனசு இப்படியே இருந்தால் நடையை மட்டும் நம்பாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இலவசம்.

வியாசர்பாடியில் ஜாகிங் போனால் தெருநாய்கள் துரத்துகின்றன.

ஓடினால் இன்னும் துரத்தும். நின்று, கைகளை உடம்போடு ஒட்டி, அதன் கண்ணைப் பார்க்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ பல், நகம் பட்டுக் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் காயத்தில் வைக்காதீர்கள்.