லெ மான் போகிறீர்களா? ரேடியோவுக்கு முன் காதைக் கவனியுங்கள்

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். ஜூன் மாதம் 11 வயது மகளோடு பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயம் பார்க்கப் போகிறேன். பாதையோரம் நின்றால் பந்தயத்தில் என்ன நடக்கிறதென்றே தெரியாது, ரேடியோ இல்லாமல் போகாதே என்கிறார்கள் நண்பர்கள். என்னிடம் நல்ல ஸ்மார்ட்போனும் சத்தம் குறைக்கும் ப்ளூடூத் இயர்பட்ஸும் இருக்கின்றன. அவை போதாதா? வாங்கத்தான் வேண்டுமென்றால் எந்த ரேடியோ, எந்த ஹெட்போன்? ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயச் சுற்றுக்கும் போக நினைக்கிறோம்.

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. லெ மான் சுற்றின் நீளம் 13.626 கிலோமீட்டர். முன்னணி வண்டி உங்களைத் தாண்டிப் போனால் திரும்பி வர ஏறக்குறைய மூன்றரை நிமிடம் ஆகும். ஹைப்பர்கார், எல்.எம்.பி.2, எல்.எம்.ஜி.டி.3 என்று மூன்று பிரிவு வண்டிகள் கலந்து ஓடுவதால், எது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 2012இல் நம் சென்னைக்காரர் கருண் சந்தோக் லெ மானில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவரது அணியின் வண்டி ஒட்டுமொத்தமாக 6வது இடத்தில் முடித்தது. அப்படி ஒரு வண்டி இரவெல்லாம் ஓடி, எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் பிட் நிறுத்தங்களில் இடம் பிடித்து மேலே வருவதை வளைவில் நிற்பவர் பார்க்கவே முடியாது, கேட்கத்தான் முடியும். 2024 பந்தயத்தில் இரவு மழையால் வண்டிகள் நான்கு மணி நேரத்துக்கும் மேல், வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் போகும் சேஃப்டி காரின் பின்னால் வரிசையாக ஊர்ந்தன. ஏன் ஊர்கிறார்கள், எப்போது விடுவார்கள் என்று வர்ணனை இல்லாதவர்களுக்கு எப்படித் தெரியும்?

போன் போதுமா என்றால், போதாது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் கூடும்போது மொபைல் இணைப்பு திணறும். கிடைத்தாலும், இணையம் வழியாக வரும் வர்ணனை பல நொடிகள், சில சமயம் ஒரு நிமிடம்கூடப் பின்தங்கும். கண்முன்னே ஒரு கார் சறுக்கி மண்ணில் பாய்ந்து, அதை இழுத்துப்போக வண்டி கிளம்பிய பிறகு வர்ணனையாளர் பதறுவது எரிச்சலைத்தான் தரும். எஃப்.எம்.மில் இந்தத் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. போனை நேரக் கணக்குப் பார்க்கும் செயலிக்கு வைத்துக்கொள்ளுங்கள், குரலுக்கு ரேடியோ.

லெ மானில் ஆங்கில வர்ணனை தருவது ரேடியோ லெ மான். பந்தயச் சுற்றிலும் அதை ஒட்டிய கூடார முகாம்களிலும் 91.2 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். வர்ணனையாளர் ஜான் ஹிண்ட்ஹாஃபின் குரலோடு பல ஆண்டுகளாக அடையாளப்பட்ட ஒலிபரப்பு இது. சில்வர்ஸ்டோனில் சுற்றின் சொந்த வானொலி 87.7இல் வரும். இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஏனென்றால் எல்லா எஃப்.எம். ரேடியோவும் இரண்டையும் பிடிக்காது.

இந்தியாவில் வாங்கிய பழைய பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால் அதன் எல்லையைப் பாருங்கள். 88இல் தொடங்குவதாக இருந்தால் 91.2 கிடைக்கும், 87.7 கிடைக்காது. ஜப்பானுக்கென்று செய்த பழைய ரேடியோக்கள் 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும்; அவற்றில் நிலைமை தலைகீழ். அமெரிக்கச் சந்தைக்கான சில டிஜிட்டல் ரேடியோக்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவித் தாவித்தான் நகரும்: 91.1, அடுத்து 91.3. நடுவிலுள்ள 91.2இல் அவை நிற்கவே நிற்காது. அமைப்பில் ஐரோப்பா என்று மாற்ற முடிந்தால் நல்லது, இல்லையென்றால் அந்தப் பெட்டி வேண்டாம். லண்டனில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிபிசி ரேடியோ 3 அங்கே 91.3இல் வருகிறது. அதில் வைத்து, கீழ்நோக்கிப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் 91.2 வந்தால் வாங்கலாம்.

முள் நகரும் பழைய வகையைவிட, எண் காட்டும் டிஜிட்டல் வகையே பந்தயத்துக்கு ஏற்றது. கூட்டத்தில் இடிபட்டு முள் நகர்ந்துவிட்டால் மறுபடி தேடிக்கொண்டிருக்க வேண்டும். நிலையத்தைச் சேமித்துவைக்கும் வசதியும், சட்டைப்பையில் பொத்தான்கள் அழுந்தாமல் காக்கும் பூட்டு விசையும் அவசியம். ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு மாற்றும் விசை இருக்கிறதா என்றும் பாருங்கள். அலை பலவீனமான இடத்தில் ஸ்டீரியோவில் ‘உஸ்’ என்ற இரைச்சல் கூடும்; மோனோவுக்கு மாற்றினால் அடங்கிவிடும். பேச்சைக் கேட்க ஸ்டீரியோ தேவையே இல்லை. ஆனால் மோனோ மட்டுமே தெரிந்த மலிவான பெட்டிகள் சிலவற்றில் சாதாரண ஹெட்போனைச் செருகினால் ஒரு காதில் மட்டும்தான் ஒலி வரும். கடையிலேயே இரண்டு காதிலும் கேட்டுப் பாருங்கள்.

மின்சாரத்துக்கு, கழற்றி மாற்றக்கூடிய பென்சில் பேட்டரியில் ஓடுவதை வாங்குங்கள். உள்ளே பொதிந்த பேட்டரி அதிகாலை மூன்று மணிக்குத் தீர்ந்தால் கூடார முகாமில் சார்ஜ் பாயின்ட் தேடி அலைய வேண்டியிருக்கும். லண்டன் கடைகளில் டி.ஏ.பி. டிஜிட்டல் ரேடியோக்களையே முன்னால் அடுக்கியிருப்பார்கள். அவை பேட்டரியை வேகமாகக் குடிக்கும், அதோடு டி.ஏ.பி. மட்டுமே உள்ளவற்றில் உங்களுக்கு வேண்டிய எஃப்.எம். இருக்காது. சோனி, சாங்கியான் போன்றவை செய்யும் எளிய எஃப்.எம். பாக்கெட் ரேடியோ போதும்.

இனி காதுக்கு வருவோம். பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலை உயர்ந்த ரேடியோவை வாங்கிவிட்டு, போனோடு வந்த சாதாரண இயர்போனைச் செருகிக்கொள்கிறார்கள். வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். வர்ணனை கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டுவார்கள். எஞ்சின் சத்தத்தின் மேல் இன்னொரு சத்தத்தை ஏற்றி, இரண்டையும் காதுக்குள் இறக்குகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும், குறிப்பாகக் குழந்தைகள் கூட இருக்கும்போது.

அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதன்பின் 3 டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2, 94க்கு 1, 100க்கு வெறும் 15 நிமிடம். லெ மானில் எல்லா வண்டியும் ஒரே மாதிரி அலறாது. டர்போ வி6 எஞ்சின் கொண்ட ஃபெராரி 499பி ஓரளவு அடக்கம். 5.5 லிட்டர் வி8 காடிலாக் வந்தால் நெஞ்சு அதிரும். 2025இல் களமிறங்கிய ஆஸ்டன் மார்ட்டின் வால்கைரியின் 6.5 லிட்டர் வி12 அதையும் மிஞ்சும் கூர்மையான ஓசை. பாதுகாப்பில்லாத காதோடு 24 மணி நேரம் இவற்றின் பக்கத்தில் இருக்கக் கூடாது.

உங்கள் ப்ளூடூத் இயர்பட்ஸ் ஏன் ஆகாது? முதலாவது, சாதாரண பாக்கெட் ரேடியோவில் ப்ளூடூத் கிடையாது. இரண்டாவது, ஹெட்போன் வயர்தான் அந்த ரேடியோவுக்கு ஆன்டெனா. 91.2இல் அலைநீளத்தின் கால் பங்கு சுமார் 82 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வயர் அதற்குப் போதும். அதைச் சுருட்டிப் பையில் திணிக்காமல் தொங்கவிடுங்கள். மூன்றாவது, சத்தம் குறைக்கும் மின்னணுத் தொழில்நுட்பம் விமான இரைச்சல் போன்ற மாறாத தாழ்ந்த ஓசைக்குத்தான் சிறப்பாக வேலை செய்யும். நொடிக்கு நொடி சுருதி மாறும் பந்தய எஞ்சினை நம்பகமாகத் தடுப்பது காதைச் சுற்றிலும் இறுக மூடும் அடைப்பு மட்டுமே.

இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, வயர் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை உள்ள தொழிற்சாலை இயர்மஃப், அதாவது காதை முழுவதும் மூடும் கவசம். ஐரோப்பாவில் பொழுதுபோக்கு ஒலிக்கென்று சான்று பெற்ற இயர்மஃப்கள் வயர் வழியாக வரும் ஒலியை 82 டெசிபெல் அளவில் நிறுத்திவிடும் என்பது பெரிய வசதி. வெளிச்சத்தத்தை எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று காட்டும் எஸ்.என்.ஆர். என்ற எண் பெட்டியில் இருக்கும். 28க்கு மேல் தேடுங்கள். அந்த எண் ஆய்வகத்தில் அளந்தது, நேரில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். மூக்குக் கண்ணாடியின் தடித்த காம்பு ஓரத்தைத் தூக்கினால் இன்னும் குறையும்.

மற்றது, அழுத்தினால் சுருங்கி காதுக்குள் விரியும் ஃபோம் முனை கொண்ட இயர்போனை வயரோடு வாங்கி, அதன்மேல் சாதாரண இயர்மஃப் அணிவது. என் தேர்வு இதுதான். அடைப்பு இரட்டிப்பாக இருப்பதால் ஒலியை மிகக் குறைத்து வைத்தாலே சொல் தெளிவாகக் கேட்கும். வெயில் ஏறும்போது வியர்க்கும் என்பது உண்மை. வண்டிகள் இல்லாத இடத்துக்கு நடந்துபோய்க் கொஞ்ச நேரம் கழற்றிவையுங்கள். மின்தடை 16 முதல் 32 ஓம் உள்ள இயர்போனாகப் பாருங்கள். ஸ்டூடியோவுக்கான 250 ஓம் ஹெட்போனைச் செருகினால் சின்ன ரேடியோவால் அதை ஓட்ட முடியாது.

மகளுக்குத் தனி ரேடியோ வாங்குங்கள். ஒரே ரேடியோவில் இரண்டு வயர் பிரித்துப் போட்டால் ஒலி குறையும், இருவரும் ஒருவரோடு ஒருவர் கட்டுண்டு நடக்க வேண்டும். அவளுக்கு ஃபோம் முனை வேண்டாம், ஒலி வரம்புள்ள முதல் வகையே போதும். தலை சிறியது என்பதால் பட்டையை முழுவதும் குறுக்கியும் இறுக்கமாக உட்காருகிறதா என்று போட்டுப் பாருங்கள். வீட்டில் வேக்யூம் கிளீனரை ஓடவிட்டு, அணிந்தபின் அது எவ்வளவு மங்குகிறது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். ஒலி அளவை வண்டிகள் இல்லாத அமைதியான இடத்தில் நீங்கள் வைத்துக் கொடுங்கள். வண்டி கடக்கும்போது இரண்டு மூன்று சொல் அமுங்கினால் அமுங்கட்டும், கூட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒவ்வொரு முறையும் கூட்டத் தோன்றினால் அடைப்பு சரியாக அமரவில்லை என்று பொருள், இயர்மஃபைச் சரிசெய்யுங்கள்.

பந்தயம் சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கும். புதிய பேட்டரிகளை அதற்குச் சற்று முன் போடுங்கள்; மாற்று ஜோடியை உங்கள் பையில் ஒன்று, மகளின் பையில் ஒன்று என்று பிரித்துவையுங்கள். நீங்கள் பிரிந்து நின்றாலும் இரவில் இருவரிடமும் வர்ணனை தொடரும். ஜூலையில் அதே ரேடியோக்கள் 87.7க்கு மாறினால் சில்வர்ஸ்டோனுக்கும் ஆயிற்று, தொடக்க எல்லை 87.5 உள்ளதாகப் பார்த்து வாங்கியிருந்தால்.