கேமராவும் தூக்கமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதங்களுக்கு முன் நாங்கள் வெளியூர் போயிருந்தபோது வீட்டுப் பூட்டை உடைத்து நகை, மடிக்கணினி எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். அதன் பிறகு கதவுக்கு இரட்டைப் பூட்டும் வாசலில் இரண்டு கேமராவும் வைத்தோம். எங்கள் சபை மூப்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா" என்ற வசனத்தைச் சொன்னார். கேமராவை நம்புகிறவர்கள் ஆண்டவரை நம்பவில்லை என்றுதான் அர்த்தமாம். என் கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடு இரவில் கைபேசி சத்தம் போடுகிறது. எடுத்துப் பார்த்தால் பூனை. அப்புறம் விடியும்வரை தூக்கம் கிடையாது. திருட்டு நடந்த அன்றும் ஜெபம் செய்துவிட்டுத்தான் புறப்பட்டோம். அந்த ஜெபம் என்ன ஆயிற்று? ஆண்டவரை நம்புவதென்றால் நாம் எதுவும் செய்யாமல் இருப்பதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மூப்பரும் வீட்டைப் பூட்டிக்கொண்டுதான் ஆராதனைக்கு வருவார். அதைச் சொல்லி அவரை மடக்கிவிடலாம். ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி என்பதால் மடக்க மனம் வரவில்லை.

அந்த வசனத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். காவலாளியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. முந்தின வரியில், கர்த்தர் வீட்டைக் கட்டாவிட்டால் கட்டுகிறவர்களின் பிரயாசம் வீண் என்று வருகிறது. அதைப் படித்துவிட்டு எந்த மூப்பரும் கொத்தனாரை அனுப்பிவிட்டு, வீடு தானாக எழும்பும் என்று காத்திருப்பதில்லை. கட்டுகிறவரும் வேண்டும், காவல்காரரும் வேண்டும். அவர்களால் மட்டும் ஆகாது என்பதுதான் சேதி. 127ஆம் சங்கீதத்தின் இந்த முதல் வசனத்தோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த வசனம் எப்படி முடிகிறது தெரியுமா? "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." காவலில் தொடங்கிய பேச்சு தூக்கத்தில் வந்து நிற்கிறது. உங்கள் கடிதமும் அங்கேதான் வந்து நிற்கிறது.

யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவின் கதை இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் மேல் படையெடுத்தான். அரணான 46 பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகவும் அவனே எழுதிவைத்திருக்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் அதில் இல்லை. எசேக்கியா ஜெபித்த ராஜா, சந்தேகமில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஜெபித்தவர் அல்ல. இடிந்த மதிலைக் கட்டினார், வெளியே இன்னொரு மதில் எழுப்பினார், ஆயுதங்களும் கேடகங்களும் செய்வித்தார், எதிரிக்குத் தண்ணீர் கிடைக்காதபடி ஊற்றுகளைத் தூர்த்தார்.

அவர் காலத்தில் வெட்டியதாகப் பொதுவாகச் சொல்லப்படும் தண்ணீர்ச் சுரங்கம் எருசலேமில் இன்றும் இருக்கிறது. ஏறக்குறைய 533 மீட்டர் நீளம், முழுக்கப் பாறை. இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். 1880இல் அதன் சுவரில் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. இன்னும் மூன்று முழம் பாக்கி இருந்தபோது இந்தப் பக்கத்து ஆள் கூப்பிடும் குரல் அந்தப் பக்கத்து ஆளுக்குக் கேட்டதாம். அதை எழுதிவைத்திருக்கிறார்கள். கிடைத்த வரிகளில் ராஜாவின் பெயர் இல்லை, கடவுளின் பெயரும் இல்லை. உளியும் வியர்வையும்தான். எனக்கு அந்தக் கல்வெட்டின் மேல் தனிப் பிரியம் உண்டு.

இதே ஆயத்தங்களைப் பற்றி ஏசாயா தீர்க்கதரிசி தன் புத்தகத்தின் 22ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். வீடுகளை எண்ணிப் பார்த்து, இடித்து, அந்தக் கல்லால் மதிலைப் பலப்படுத்தினீர்கள். இரண்டு மதில்களுக்கு நடுவே தண்ணீரைத் தேக்கினீர்கள். ஆனால் இதையெல்லாம் உண்டாக்கியவரை நோக்கவில்லை என்கிறார். தோண்டியதை அவர் குறை சொல்லவில்லை. எல்லாவற்றையும் எண்ணியவர்கள் ஒருவரை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பதுதான் அவர் கோபம். எகிப்திடம் குதிரைகளும் இரதங்களும் கேட்டு ஓடியவர்களிடமும் இதையேதான் சொன்னார்: "எகிப்தியர் தெய்வம் அல்ல, மனுஷர்தானே, அவர்களுடைய குதிரைகள் ஆவியல்ல, மாம்சந்தானே." குதிரை நல்ல மிருகம்தான். அதனிடம் போய் குதிரையால் தரமுடியாததைக் கேட்டார்கள்.

எசேக்கியாவும் ஒரு தடவை சறுக்கினார். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்துச் சனகெரிப்பைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்து, ஆலயக் கதவுகளில் இருந்த பொன்தகட்டைக்கூட உரித்துக் கொடுத்தார். பொன்னை வாங்கிக்கொண்டு படையும் வந்தது. அதன் பிறகுதான் எதிரி அனுப்பிய மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன் விரித்துவைத்தார்.

என் வீட்டிலும் ஒருமுறை திருடு போனது. அதன் பிறகு ஒரு வருஷம், ராத்திரியில் மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். முதல் தடவை எழுந்தது கதவுக்காக. மற்ற இரண்டு தடவையும் கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போட்டபடியே இருந்தது. நான்தான் அந்த இரும்புத் துண்டிடம் "ஒன்றும் நடக்காது" என்று ஒரு வார்த்தை வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் கதவைத்தான் பிடித்துக்கொள்ளும். என்னைப் பிடித்துக்கொள்ள அதற்குத் தெரியாது.

"அந்த ஜெபம் என்ன ஆயிற்று" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு உங்களைச் சமாதானப்படுத்தும் பதில் என்னிடம் இல்லை. திருட்டுக்கு ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துத் தருபவர்களை நான் நம்புவதும் இல்லை. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஏரோது ராஜா அப்போஸ்தலனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான் என்று ஒரே வரியில் வருகிறது. அடுத்து பேதுருவைப் பிடித்து, நாலு நாலு பேராக 16 சேவகரைக் காவலுக்கு வைக்கிறான். பேதுரு தப்பிவிடுகிறார், தேவதூதன் வந்து எழுப்பிக் கூட்டிப்போகிறான். யாக்கோபு போய்விட்டார். சபை பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபித்தது என்று எழுதியிருக்கிறது. யாக்கோபுக்காக மட்டும் யாரும் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? ஒருவர் ஏன் தப்பினார், மற்றவர் ஏன் தப்பவில்லை என்று அந்த அதிகாரம் சொல்லவே இல்லை. அது சொல்லாத ஒன்றை நான் சொல்லக் கூடாது.

ஆனால் ஒன்றைச் சொல்கிறது. மறுநாள் காலையில் பேதுருவைச் சனங்களுக்கு முன் நிறுத்தப்போகிறார்கள். யாக்கோபுக்கு நடந்தது அவருக்குத் தெரியும். விடுதலை வருமென்று தெரியாது. இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகருக்கு நடுவே படுத்திருக்கிறார். அந்த ராத்திரி தூங்குகிறார். சும்மா கண்ணயர்ந்த தூக்கமில்லை. தூதன் வந்து அறை முழுக்க வெளிச்சமானபோதும் எழவில்லை. விலாவில் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே கேமராவைக் கழற்ற வேண்டாம். மூப்பரிடம் சண்டையும் வேண்டாம். இரட்டைப் பூட்டைப் போடுங்கள், ஒருமுறை இழுத்துப் பாருங்கள், எப்போதும்போல ஜெபம் செய்துவிட்டுப் படுங்கள். கைபேசியை மட்டும் இரவில் சத்தத்தை நிறுத்தி வேறு அறையில் சார்ஜ் போட்டுவிடுங்கள். கேமரா பதிவு செய்துகொண்டுதான் இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம். பூனை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.